நீலகிரியில் முதியோரும் இல்லந்தேடி வரும் உதவியும்

தமிழில் புரத்தல், ஓம்பல், பேணல் என மூன்று சொற்கள் உள. மூன்றும் ஒருபொருளன போலத் தோன்றினும், நுணுகி நோக்குவார்க்கு அவற்றிடை வேறுபாடு புலனாகும். புரத்தல் மேலிருப்பவர் கீழிருப்பவர்க்குச் செய்வது. அரசன் குடிகளைப் புரப்பான், வள்ளல் இரவலரைப் புரப்பான். ஓம்பல் குறைவராமற் காத்தல், விருந்தை ஓம்புகிறோம். பேணலோ விருப்பமும் மதிப்பும் கலந்து அருகிருந்து செய்வது. முதியோர்க்கு நாம் செய்யக்கடவது இம்மூன்றனுள் எது என்னும் வினா வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. அரசாங்கம் மாதந்தோறும் அளிக்கும் உதவித்தொகை புரத்தலின்பாற்படும். வாயிலில் வந்து நின்று, “மாத்திரை சாப்பிட்டீர்களா, அம்மா?” என்று கேட்பது பேணலின்பாற்படும். விருந்தோம்பலுக்கு ஓரதிகாரம் வகுத்த திருக்குறளில் முதியோரைப் பேணலுக்கென்று அப்பெயரால் ஓரதிகாரம் இல்லை. வள்ளுவர் அதனை மறந்தார் என்று கொள்ளவேண்டுவதில்லை. அஃது அன்றாடம் வீட்டினுள்ளே இயல்பாக நிகழ்ந்தமையின் அதற்குத் தனிப்பெயர் வேண்டப்படவில்லை என்று கொள்ளுதலே பொருந்தும் என்பது என் கருத்து.

இன்று அதற்குத் தனிப்பெயர் வேண்டியிருக்கின்றது. முதியோரை விடுதியிலோ மருத்துவமனையிலோ சேர்த்துவிடாது, அவர் வாழும் இல்லத்திலேயே வைத்து, வேண்டும் உதவியை அவ்வில்லத்திற்குக் கொண்டுசெல்லும் முறை ஒன்று. அவர் வாழும் ஊரிலேயே ஒரு பொதுவிடத்தில் அவ்வுதவியை அளிக்கும் முறை மற்றொன்று. மருந்து, உணவுப்பொருள், இயன்முறை மருத்துவம், நோயின் துன்பந் தணிக்கும் பணிவிடை, பேச்சுத்துணை ஆகிய யாவும் இவற்றுள் அடங்கும். அமெரிக்காவில் 1965-ஆம் ஆண்டின் முதியோர் சட்டத்தின் பின்னர் இவை பெருகின. ஜப்பான் 2000-ஆம் ஆண்டில் இதற்கெனவே ஒரு காப்புறுதித் திட்டம் வகுத்து, நாற்பது வயதினர் முதலாக யாவரும் அதற்குப் பணஞ் செலுத்துமாறு விதித்தது. நம் தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-ஆம் ஆண்டு முதல் உண்டு. 2023 ஆகஸ்டில் அது மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆயின் மருந்தும் பணிவிடையும் இல்லந்தேடிச் செல்லத் தொடங்கியது அண்மைக்காலத்திலேயே.

உதவி உண்டு என்பது வேறு. அதனை முதியோர் பயன்படுத்துகின்றனர் என்பது வேறு. ஒரே தெருவில் இருவர். இருவர்க்கும் ஒரே நோய். ஒருவர் உதவியை ஏற்கிறார், மற்றவர் கதவைச் சாத்திக்கொள்கிறார். இஃது ஏன் என்று ஆராய்ந்தவருள் ஒருவர் அமெரிக்க அறிஞர் ரொனால்டு ஆண்டர்சன். 1968-ஆம் ஆண்டில் அவர் கூறிய விடை மூன்று பகுதிகளை உடையது. முதலாவது, அம்மனிதரின் வயது, கல்வி, நம்பிக்கை முதலிய முன்னமைதிகள். இரண்டாவது, பணம், பாதை, வீடு, துணை முதலிய வாய்ப்புக்கள். மூன்றாவது, நோயின் தேவை. தேவை எத்துணை மிகுந்திருப்பினும் வாய்ப்பில்லையேல் பயனில்லை என்பது இதனாற் பெறப்படும். இந்தப் பொதுவிதியை நீலகிரியில் வைத்து நோக்கின், 'பாதை', 'வீடு', 'துணை' என்னும் மூன்று சொற்களும் சமவெளியில் இல்லாத பொருளைப் பெறுகின்றன. அதனைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீலகிரி ஜில்லாவில் உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என ஆறு தாலூகாக்கள் உள. உதகை ஏறக்குறைய 7,350 அடி உயரத்திலும், குன்னூர் 6,000 அடி உயரத்திலும் இருப்பன. 2001-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இங்கு வாழ்ந்தோர் 7,62,141 பேர். 2011-ஆம் ஆண்டில் 7,35,394 பேர். தமிழ்நாடு முழுவதும் மக்கள்தொகை பெருகிய அப்பத்தாண்டில் இம்மலையில் அது சுருங்கிற்று. பிறப்புக் குறைந்தமை ஒரு காரணம். தேயிலை விலை வீழ்ந்தபின் இளைஞர் கோயமுத்தூருக்கும் திருப்பூருக்கும் இறங்கிப்போனமை மற்றொரு காரணம். இறங்கிப்போனவர் இளையர், மலையில் தங்கியவர் முதியர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப்பேருக்கு மேல் அறுபது வயது கடந்தவர். மலையூர்களில் பகற்பொழுதில் நடந்துசெல்வார்க்கு இவ்விகிதம் இதனினும் பன்மடங்கு எனத் தோன்றும்; ஏனெனில் வீட்டில் இருப்பவர் அவர்களே.

சமவெளியில் வாழ்வார்க்கு மலைவீடு இன்னது என்று விளங்கவைப்பது எளிதன்று. நெடுஞ்சாலை மலையின் இடுப்பில் ஒரு கச்சைபோலச் சுற்றிச் செல்லும். வீடுகளோ அதற்கு மேலும் கீழும் அடுக்கடுக்காக இருப்பன. சாலையினின்று வீட்டிற்குச் செல்லும் வழி பெரும்பாலும் படிக்கட்டு. விடுமுறையில் குன்னூரில் ஒரு சந்தின் படிகளை எண்ணிப் பார்த்தேன். சாலையிலிருந்து கடைசி வீடு வரை 118. ஒரு படி ஒரு சாண் உயரம், அடுத்தது ஒரு முழ உயரம், மழைக்காலத்தில் பாசி, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அக்கடைசி வீட்டில் பக்கவாதத்தால் ஒரு கால் இழுத்துக்கொண்ட முதியவர் ஒருவர் இருந்தார். அவர் சாலையைக் கண்டு ஈராண்டு ஆயிற்று என்று அயலார் கூறினர். மருத்துவமனை அவ்வீட்டினின்று ஒரு மைல் தூரம் இராது. நோயாளியை ஏற்றிச்செல்லும் 108 ஊர்தி சாலைவரை வரும். சாலையிலிருந்து வீடுவரை உள்ள அந்த 118 படிக்கு நால்வர் தோள் வேண்டும். அந்நால்வரும் அன்று ஊரில் இருத்தல் வேண்டும். 2025 ஏப்ரலில் உதகையில் எழுநூறு படுக்கைகளுடன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது. அது பெரிய நன்மையே; முன்னர்க் கோயமுத்தூருக்கு இறங்கியோர் பலர் இப்போது இறங்கவேண்டுவதில்லை. ஆயினும் படிகளின் எண்ணிக்கை குறையவில்லை.

குளிரையும் இங்குக் கருதல் வேண்டும். மார்கழி, தை மாதங்களில் உதகைப் புல்வெளிகளில் உறைபனி வெண்மையாகப் படிந்திருக்கும். விடியலில் மூட்டு மடங்காது, மூச்சிரைப்பு மிகும். கூடலூர்ப் பக்கத்திலோ தென்மேற்குப் பருவமழை வாரக்கணக்கில் ஓயாது பெய்யும். அன்றியும் அந்திக்குப் பின்னர் கூடலூர், பந்தலூர்ப் பாதைகளில் யானையும், கோத்தகிரித் தேயிலைக் காடுகளில் கரடியும், குன்னூரில் காட்டெருமையும் நடமாடும். ஆகவே உதவி செய்ய வருபவர் எப்பொழுது வரலாம், எப்பொழுது திரும்பவேண்டும் என்பதை அவை வரையறுக்கின்றன. நகரத்தார் இதனை நகைப்பர். மலையில் எவரும் நகையார்.

நிற்க. இல்லந்தேடி வரும் உதவிகளுள் தலையாயது 'மக்களைத் தேடி மருத்துவம்'. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் இது தொடங்கப்பட்டது. இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் உடையோர்க்கு மாதந்தோறும் மருந்தை வீட்டில் கொடுத்தல், படுக்கையில் கிடப்போர்க்குத் துன்பந்தணிக்கும் பணிவிடை செய்தல், கைகால் முடங்கியோர்க்கு இயன்முறைப் பயிற்சி அளித்தல், சிறுநீரகம் பழுதுற்றோர்க்கு வயிற்றுவழிச் சுத்திகரிப்புக்குரிய பைகளை வழங்குதல் என்பன இதன் பகுதிகள். ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது ஒன்றினை 2024-ஆம் ஆண்டில் இது பெற்றது. இத்திட்டத்தின் உயிர்நாடி மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் எனப்படும் பெண்கள். இவர் மருத்துவரல்லர், செவிலியரும் அல்லர். மகளிர் சுய உதவிக் குழுக்களினின்று தெரிந்தெடுக்கப்பட்டு, சிறிது பயிற்சி பெற்று, சிறிய ஊக்கத்தொகைக்குப் பணிபுரிவோர். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியையும் மருந்துப் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு படியேறுவோர் இவரே.

முதியோர் இவரை எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பது உற்று நோக்கத்தக்கது. திட்டத்தை வகுத்தோர் கருதியது ஒன்று. பாட்டிமார் செய்துகொள்வது மற்றொன்று. தன்னார்வலர் வந்தவுடன் கருவியைக் கையில் கட்டுமுன் தேநீர் வைக்கப்படும். பின்னர் வங்கியிலிருந்து வந்த கடிதம் ஒன்று பெட்டியிலிருந்து எடுக்கப்படும். அதனைப் படித்துச் சொல்லவேண்டும். உதவித்தொகை இம்மாதம் ஏன் வரவில்லை என்று கேட்டுச் சொல்லவேண்டும். பேரனுக்குத் தொலைபேசியில் எண்களை அழுத்திக் கொடுக்கவேண்டும். அப்பால்தான் கொதிப்புப் பார்த்தல். மாத்திரையைச் சிலர் நாள்தோறும் விழுங்குவதில்லை. தலை சுற்றும் நாளில் மட்டும் உண்டு, எஞ்சியதை மழைக்காலத்திற்கு என்று சேர்த்துவைப்பர். பாதை அடைபடும் மழையை ஆண்டுதோறும் கண்டவர்க்கு இஃது அறியாமையன்று, முன்னெச்சரிக்கை. இரத்தக் கொதிப்பு அந்த முன்னெச்சரிக்கைக்கு இடங்கொடாத நோய் என்பதை விளக்கிச் சொல்ல ஒருமுறை போதாது, பலமுறை வேண்டும், சொல்பவர் தெரிந்த முகமாகவும் இருத்தல் வேண்டும்.

தாயுமானவர் திட்டம் என்ற பெயரால் 2025 ஆகஸ்டு 12-ஆம் நாள் தொடங்கப்பட்டதும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. நியாயவிலைக் கடையின் அரிசி, சர்க்கரை முதலியவற்றை எழுபது வயது கடந்தோர்க்கும் மாற்றுத்திறனாளிகட்கும் வீட்டிற்கே கொண்டுபோய்க் கொடுப்பது தொடக்கத்தில் அதன் வரையறை. அரிசி மூட்டையைத் தலையிற் சுமந்து படியேறுதல் எவ்வளவு கடினம் என்பதை அறிந்தவர்க்கு இதன் அருமை தெரியும். அரசுப் பேருந்தில் மகளிர் கட்டணமின்றிச் செல்லும் வசதி மலைப்பகுதிகளுக்கும் 2024-ஆம் ஆண்டில் விரிந்தது. இதனால் சாலைவரை இறங்கிவர இயலும் மூதாட்டியர் மருத்துவமனைக்கும் சந்தைக்கும், ஏன், பக்கத்து ஊர்த் தங்கையைக் காணவும் செல்லத் தலைப்பட்டனர். பின்னதனை மருத்துவம் என்று யாரும் கணக்கில் எழுதார், எழுதினாற் பிழையில்லை. முதியோர் குறைகளைக் கேட்க 14567 என்னும் தொலைபேசி எண்ணும் உண்டு.

இவ்வளவிருந்தும் சிலர் மறுப்பதேன்? மறுப்பவருள் பெரும்பாலோர் நோயை மறுப்பவரல்லர், பெயரை அஞ்சுபவர். “மகன் இருக்க, அரசாங்க ஆள் வந்து மருந்து கொடுக்கிறாளாம்” என்று ஊரார் சொல்வரோ என்னும் அச்சம் அது. பெற்றோரைக் காவாத மக்களிடமிருந்து பராமரிப்புத்தொகை பெறுதற்கு 2007-ஆம் ஆண்டில் ஒரு சட்டமே இயற்றப்பட்டது. மாதம் 10,000 ரூபாய் வரை விதிக்க அச்சட்டம் தீர்ப்பாயத்திற்கு அதிகாரம் அளித்தது. ஆயின் மகன்மேல் மனுக்கொடுக்கும் தாய் எத்தனைபேர்? மனுவிற்கு அஞ்சும் அதே நெஞ்சு மருந்துப்பைக்கும் அஞ்சுகிறது. ஆதலின் உதவியை ஏற்பது மக்களுக்கு இழுக்கன்று எனத் தோன்றும்படி அதனைக் கொடுத்தல் வேண்டும். தன்னார்வலர் ஒரு வீட்டிற்கு மட்டும் செல்லாது, வரிசையாக எல்லா வீட்டிற்கும் சென்று நலம் வினவும் ஊர்களில் இவ்வச்சம் விரைவில் நீங்குகின்றது.

படுகர் ஊர்களில் இதனைத் தெளிவாகக் காணலாம். ஹட்டி எனப்படும் அவ்வூர்களில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக அமைந்து, முன்னே பொதுவான முற்றம் இருக்கும். பெற்றோரின் வீடு இளைய மகனுக்கு உரியது. பெற்றோரைப் பேணுவதும் அவனுக்கே உரியது என்பது பண்டு தொட்டு வந்த வழக்கம். மூத்தோர் தனித்தனி வீடு கட்டிச் செல்ல, இளையவன் கடைசிவரை அடுப்பை அணையாமற் காப்பான். மிக நுட்பமான ஏற்பாடு இது: பெற்றோர் தளரும் காலத்தில் இளைய மகன் இன்னும் உழைக்கும் வயதினனாக இருப்பான். ஆயின் இன்று அவ்விளைய மகன் பெங்களூரில் பொறியாளனாக இருக்கின்றான். வீடு அவனுடையது; வீட்டில் அவன் இல்லை. பணம் மாதந்தோறும் வருகின்றது. கால் பிடித்துவிடக் கை வருவதில்லை. எனினும் முற்றம் இருக்கின்றது. காலை வெயிலில் அங்கு வந்து அமரும் முதியோருள் ஒருவர் ஒருநாள் வராவிடின், பத்துமணிக்குள் யாரேனும் கதவைத் தட்டுவர். நகரங்களிற் பொருள் செலவிட்டு அமைக்கும் பகற்பொழுது மையங்கள் செய்யும் வேலையில் பாதியை அம்முற்றம் செலவின்றிச் செய்கின்றது. தமிழ்நாட்டரசு 2025-ஆம் ஆண்டில் 'அன்புச்சோலை' என்னும் பெயரால் அத்தகைய மையங்கள் 25 அமைப்பதாக அறிவித்தது. அவற்றை வகுப்போர் ஒரு ஹட்டியின் முற்றத்தில் ஒருநாள் அமர்ந்து பார்த்தல் நன்று.

கூடலூர், பந்தலூர்த் தாலூகாக்களில் நிலைமை வேறு. அங்கு வாழும் பணியர், காட்டுநாயக்கர், பெட்டகுறும்பர், முள்ளுகுறும்பர் முதலிய பழங்குடியினர்க்கு மருத்துவமனை என்பது நெடுங்காலம் அயலார் இடமாகவே இருந்தது. மொழி வேறு, அங்கிருப்போர் பார்க்கும் பார்வையும் வேறு. 1987-ஆம் ஆண்டில் தேவதாசன், ரூபா என்னும் மருத்துவ இணையர் அங்கே சென்று, மருத்துவமனையை முதலில் கட்டாது, ஊர்தோறும் அவ்வூர்ப் பழங்குடியினரையே நலப்பணியாளராகப் பழக்கினர். 'அஸ்வினி' என்னும் அமைப்பு இவ்வாறு தோன்றிற்று. கூடலூரில் பழங்குடியினர் மருத்துவமனை அதன் பின்னரே, 1990-ஆம் ஆண்டில் எழுந்தது. அதன் செவிலியருள்ளும் பழங்குடிப் பெண்களே மிகப்பலர். 1992-ஆம் ஆண்டில் பழங்குடியினர்க்கென ஒரு மருத்துவக் காப்புறுதியும் அங்கு ஏற்படுத்தப்பட்டது. கோத்தகிரியில் மருத்துவர் எஸ். நரசிம்மன் அவர்கள் 1958-ஆம் ஆண்டிலேயே நீலகிரி ஆதிவாசிகள் நலச்சங்கத்தை நிறுவியிருந்தார் என்பதையும் ஈண்டு நினைத்தல் தகும்.

இவற்றால் அறியப்படுவது யாது? முதுமையில் நோயுற்ற ஒரு பணியப் பாட்டி மருந்தை ஏற்பதும் மறுப்பதும் மருந்தின் தரத்தைப் பொறுத்ததன்று. அதனை நீட்டும் கை யாருடையது என்பதைப் பொறுத்தது. தன் மொழியில் பேசும் தன் இனத்துப் பெண் நீட்டின் ஏற்பாள். ஆண்டர்சன் கூறிய முதற்பகுதியாகிய நம்பிக்கையை அங்கே இரண்டாம் பகுதியாகிய துணையே ஆக்கித் தருகின்றது. ஏட்டில் தனித்தனியே நிற்பன மலையில் ஒன்றனுள் ஒன்று புகுந்து கிடக்கின்றன.

கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாக இறங்கினால் கேரளத்தின் நிலம்பூர். அப்பக்கத்தில் இம்முறை இன்னும் விரிவாக வளர்ந்துள்ளது. கோழிக்கோட்டில் மருத்துவர் எம். ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் முதலியோர் 1993-ஆம் ஆண்டில் தொடங்கிய வலிதணிப்புச் சங்கம், சில ஆண்டுகளில் அயலார் வலையாக மலப்புறம் ஜில்லாவில் பரவிற்று. கடைக்காரர், ஆசிரியர், மாணவர், ஆட்டோ ஓட்டுவோர் முதலியோர் வாரத்தில் சில மணிநேரம் ஒதுக்கி, பயிற்சி பெற்று, தம் தெருவிலுள்ள நோயாளரைச் சென்று காண்பர். செவிலியர் அவர்க்குத் துணையாவர். கேரள அரசு 2008-ஆம் ஆண்டில் இதனைத் தன் கொள்கையாகவே ஏற்றது. மலையின் இப்பக்கத்தில் திட்டம் அரசாங்கத்தினின்று மக்களை நோக்கி இறங்கிற்று. அப்பக்கத்தில் தெருவினின்று அரசாங்கத்தை நோக்கி ஏறிற்று. எது சிறந்தது என்று வழக்கிட வேண்டா. இறங்கிவருவது எல்லா ஊர்க்கும் எட்டுகின்றது. ஏறிவருவது முகமறிந்து பழகுகின்றது.

இனித் தேயிலைத் தோட்டங்களைப் பற்றிக் கூறவேண்டும். என் கருத்தில் இப்பொருளின் முள் தைத்துக் கிடக்கும் இடம் இதுவே.

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் வேலைசெய்வார்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் வீடும் மருத்துவ வசதியும் அளித்தல் முதலாளியின் கடமை என விதித்தது. குடும்பத்தார் என்னும் சொல்லில், தொழிலாளியைச் சார்ந்து வாழும் பெற்றோரும் அடங்குவர். அச்சட்டம் பின்னர் 2020-ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டத்துள் அடக்கப்பட்டது. எனினும் வீடு வேலையோடு ஒட்டியது என்னும் அடிப்படை மாறவில்லை. இதன் விளைவைச் சிறிது எண்ணிப்பாருங்கள். ஒரு பெண் பதினெட்டு வயதில் கொழுந்து பறிக்கத் தொடங்கி நாற்பது ஆண்டு பறிக்கிறாள். மூங்கிற் கூடையின் கயிறு நெற்றியிலும், குளிர் முழங்காலிலும் தம் அடையாளத்தை இட்டுவிடுகின்றன. ஓய்வு பெறும் நாளில் அவளுக்குப் பணிக்கொடையும் சேமநிதியும் உரியன. லைன் வீடு உரியதன்று. மகனோ மகளோ அதே தோட்டத்தில் வேலைக்கு நின்றால், அவர்தம் பெயரால் வீடும் தோட்ட மருத்துவமனையின் மருந்தும் அவளுக்குத் தொடரும். நில்லாவிடின் இரண்டும் அறும். வீட்டை ஒப்படைத்த பின்னரே பணிக்கொடை தரும் வழக்கமும் தோட்டங்களில் உண்டு.

ஆகவே தோட்டத்து முதியோர்க்கு மகனின் வேலை என்பது அவனுடைய வேலை மட்டுமன்று. அவர்களுடைய கூரையும் மருந்தும் ஆகும். அவனைப் படிக்கவைத்தவர் அவரே. படித்தவன் கொழுந்து பறிக்க விரும்பான். விரும்பவேண்டும் என்று சொல்லவும் நமக்கு உரிமையில்லை. அவன் திருப்பூர்ப் பனியன் ஆலைக்குப் போகும் நாளில், தன்னையறியாமலே பெற்றோரின் வீட்டையும் கையோடு எடுத்துச் செல்கின்றான். சிலர் பிள்ளைகளுள் ஒருவரையேனும் தோட்டத்தில் நிறுத்திவைக்கின்றனர். அப்பிள்ளை பெரும்பாலும் மகளாக இருப்பாள். அவள் படிப்பு ஏன் பத்தாம் வகுப்போடு நின்றது என்று கேட்டால், வீட்டிற்காக என்பர். அந்தச் சொல்லின் முழுப்பொருள் இதுவே.

இவருள் இன்னும் ஒரு வகையார் உளர். 1964 அக்டோபரில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமாவோ-சாஸ்திரி உடன்படிக்கையின்படி, இலங்கை மலைநாட்டுத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. 1974-ஆம் ஆண்டில் மேலும் 75,000 பேர் சேர்க்கப்பட்டனர். இவ்வாறு தாயகம் திரும்பியோர்க்கு வேலை அளித்தற்கென்றே, நீலகிரியில் 1968-ஆம் ஆண்டில் வனத்துறையின் திட்டமாகத் தேயிலை பயிரிடப்பட்டது. அதுவே பின்னர்த் தனிக்கழகமாக்கப்பட்டு, 'டேன்டீ' என இன்று வழங்குவது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் காட்டைத் திருத்தித் தேயிலை நட்டவர் அவர்கள். 1970-ஆம் ஆண்டில் இருபத்தைந்து வயதினராய் வந்திறங்கிய ஒருவர் 2025-ஆம் ஆண்டில் எண்பது வயதினர். 'ஊருக்குப் போ' என்று அவரிடம் சொன்னால் எவ்வூருக்குப் போவார்? கண்டியும் ஹட்டனும் அவர் பிறந்த ஊர். பாட்டன் புறப்பட்டுச் சென்ற சமவெளிக் கிராமத்தில் அவரை அறிவார் எவரும் இலர். கூடலூர்ப் பக்கத்தில் மனை வாங்கிக் குடிசை போடலாமெனின், 1969-ஆம் ஆண்டின் ஜன்ம நிலச் சட்டத்தைத் தொடர்ந்த வழக்குகளால் அங்குப் பல நிலங்களுக்குப் பட்டா இல்லை. ஓய்வுபெற்ற டேன்டீத் தொழிலாளர் அரசாங்கக் குடியிருப்பில் வீடு பெறுதற்குச் செலுத்தவேண்டிய பங்குத்தொகையைத் தானே ஏற்பதாக 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு அறிவித்தது. வேர் எங்கிருக்கின்றது என்பதை அறிந்து செய்த செயல் அது.

இல்லந்தேடி வரும் உதவிக்கு முதற்கண் இல்லம் ஒன்று வேண்டும் என்பது இங்குத்தான் விளங்குகின்றது. தன்னார்வலர் தம் பொறுப்பிலுள்ள வீடுகளை வரிசையாகச் சென்று காண்பவர். லைன் வீட்டை விட்டு வெளியேறிய முதியவள் சிலநாள் மகளுடன் திருப்பூரில் ஒற்றையறை வாடகை வீட்டில் இருப்பாள். அங்குள்ள வெம்மை தாங்காது, சிலநாள் மலைக்குத் திரும்பித் தங்கை வீட்டுத் திண்ணையில் இருப்பாள். அவள் உண்ணவேண்டிய மாத்திரை ஓரிடத்தில் இருக்க, அவள் மற்றோரிடத்தில் இருப்பாள். உதவித்தொகைக்கும் நியாயவிலை அரிசிக்கும் முகவரியே அடிப்படை; முகவரி பிறழ்ந்தால் அவையும் அவளைத் தேடி அலையும். இத்தகையோர் உதவியைப் பயன்படுத்தவில்லை என்று கணக்கெடுப்போர் எழுதக்கூடும். உதவி அவர்களைக் கண்டுபிடிக்கவில்லை என்று எழுதுவதே உண்மைக்கு அணித்து.

இதற்குச் செய்யத்தக்கன சில உள. நெடுங்காலம் உழைத்து ஓய்வுபெற்றோர், பிள்ளை வேலைக்கு நின்றாலும் நில்லாவிடினும், தம் ஆயுட்காலம் வரை தோட்ட மருத்துவமனையில் மருந்து பெற ஏற்பாடு செய்யலாம். அவர் எண்ணிக்கை மருந்துச்செலவால் ஒரு தோட்டத்தை மூழ்கடிக்குமளவு பெரிதன்று. ஆள் பெயர்ந்து வாழ்வதால் வெறுமனே கிடக்கும் லைன் வீடுகள் பல தோட்டங்களில் உள. அவற்றுள் சிலவற்றை ஓய்வுபெற்றோர்க்கு ஒதுக்கலாம். ஜில்லா விட்டு ஜில்லா மாறும் முதியவரின் மருந்துக்குறிப்பு அவரோடு செல்லும்படி அவர் கையிலேயே ஒரு சீட்டு இருத்தல் நன்று. படிக்கட்டுகளுக்கோ இரும்புக் குழாயாலான கைப்பிடி ஒன்றே போதும். அதற்கு ஆகும் செலவு ஒரு சாலை வளைவிற்குத் தடுப்புச்சுவர் கட்டும் செலவில் ஒரு சிறு பங்கு. ஆயின் யாரும் கேட்பதில்லை. ஏனெனில் அது வேண்டியவர் கேட்பதற்கு முதலில் படி இறங்கவேண்டும்.

நம் கல்லூரிச் சமூக சேவைச் சங்கத்தார் கோடை விடுமுறையில் ஊர்களுக்குச் செல்வதுண்டு. இவ்வாண்டு அவர்கள் குன்னூர்ச் சந்துகளில் கையில் ஒரு குறிப்பேட்டுடன் நடந்து, எச்சந்தில் எத்தனை படி, கைப்பிடி உண்டா, கடைசி வீட்டில் இருப்பவர் யார், அவரைத் தூக்கிவர அருகில் ஆள் உண்டா என்னும் நான்கை மட்டும் எழுதி நகராட்சிக்கும் சுகாதார நிலையத்திற்கும் கொடுக்கலாம். நான் எண்ணிய சந்தின் கணக்கை அவர்கட்கு முன்னரே கொடுத்துவிட்டேன்.